முள் பார்ப்பது பெட்ரோலை இல்லை!

அபிஷேகப்பாக்கத்தில் எங்க பெரியப்பாவோட பழைய அம்பாசிடர். முள் பாதி டேங்க் காட்டுச்சு. பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுக் கிளம்பினோம். தவளக்குப்பம் போறதுக்குள்ள பெட்ரோல் காலி! "மீட்டர் போச்சு, மாத்திடு"ன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆனால் மீட்டர் மேல தப்பே இல்லை.

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கும். அது ஏறி இறங்கும்போது மின்தடை மாறும், மின்னோட்டமும் மாறும், முள் நகரும். அதாவது, முள் பார்ப்பது பெட்ரோலை இல்லை, மின்னோட்டத்தை.

அதனால் சோதனை இப்படி:

1. முதலில் எர்த். அந்த இணைப்பில் துரு இருந்தால் அதுவும் ஒரு மின்தடைதான். சுத்தம் பண்ணுங்க.

2. டேங்க் மூடி மூடியே இருக்கட்டும். இக்னிஷனை ஆஃப் செய்து, மிதவை யூனிட்டின் வயரைக் கழற்றி, பாடியில் கிளிப் போட்டு, பிறகு ஆன் செய்யுங்க. முள் ஒரு முனைக்குப் போகத் தொடங்கினதும் ஆஃப். (ஆன்ல இருக்கும்போது வயரை உரசினால் தீப்பொறி வரும், பக்கத்தில் பெட்ரோல்!) கிளிப்பை எடுத்துவிட்டு ஆன் செய்தால் எதிர் முனைக்குப் போகணும். போனால் மீட்டரும் வயரும் சரி. கோளாறு டேங்க் பக்கம்.

எங்களுக்கு அப்படித்தான். மெக்கானிக் யூனிட்டைக் கழற்றினார்: துருவில் மிதவைக் கம்பி பாதியிலேயே சிக்கியிருந்தது.

3. சரிசெய்த பிறகு, சமதரையில் நிறுத்தி ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, முள் நிற்கும் இடத்தைக் குறிச்சோம். டேங்கின் வடிவம் சீராக இல்லாவிட்டால் பாதி முள் என்பது பாதி பெட்ரோல் ஆகாது.

அந்தச் சீட்டு இப்போ டேஷ்போர்டில். வண்டி ஏறினதும் பாட்டி பார்ப்பது அதைத்தான்!