ஐந்து பாண்டவர்கள்

1947-ல் நாடு விடுதலை அடைந்தது. வங்காளமோ இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பகுதி பாகிஸ்தானுக்குப் போயிற்று. அங்கிருந்து லட்சக்கணக்கான மக்கள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். வீடு போயிற்று. நிலம் போயிற்று. பலருக்குத் துணி மூட்டைதான் மிச்சம்.

நகரின் தெற்கே பிஜய்கர் என்ற இடம். அங்கே பழைய ராணுவக் கொட்டகைகள் காலியாகக் கிடந்தன. அவற்றில் குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்கள்.

இப்படி வந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல் கால்பந்து. ஈஸ்ட் பெங்கால் என்பது 1920-ல் தொடங்கிய கால்பந்துக் கழகம். கிழக்கு வங்காளம் என்றுதான் அதற்கு அர்த்தம். விட்டு வந்த ஊர் அந்தப் பெயரிலேயே இருந்தது. கழகம் ஜெயித்தால் ஊரே ஜெயித்தது போல! அன்று வீட்டில் இலிஷ் மீன் குழம்பு. எதிரணி மோகன் பகான் ஜெயித்தால், அவர்கள் ரசிகர் வீட்டில் இறால்.

ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடினார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. பந்து ஒருவர் காலிலிருந்து அடுத்தவர் காலுக்குப் போகும். ரசிகர்கள் இவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றார்கள். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டும் ஐ.எஃப்.ஏ. கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்கே.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. எல்லோரும் தென்னாட்டுக்காரர்கள். அகமது கானுக்குப் பெங்களூர். ஊரை இழந்து வந்தவர்கள் இவர்களைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக நினைத்தார்கள்.

அந்த ஆட்டங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே. தாத்தா சொல்லக் கேட்ட பேரன்மார் ஐந்து பெயர்களையும் இன்றும் சொல்கிறார்கள். தாத்தாவின் ஊரை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை.