அளவையின் எல்லை

சைவ சித்தாந்த நூல்களைப் பயில்வார்க்கு ஓர் ஐயம் நிகழ்தல் இயல்பு. மெய்கண்ட தேவர் சிவஞான போதத்து முதற் சூத்திரத்தில் முதல்வன் உளன் என்பதனை ஏதுக் காட்டி நிறுவினார்; ஆறாஞ் சூத்திரத்திலோ சுட்டி அறியப்படுவன யாவும் அசத்து என்றார். நமது அறிவு முதல்வனைச் சென்று பற்றுமாயின் அவன் அசத்தாவான். பற்றாதாயின் முன்னர்க் கூறிய அநுமானம் பயனின்றாம். இம்முரணுக்கு விடை யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

காட்சி, கருதல், உரை என அளவை மூன்று. பிறர் கூறும் ஏனையவும் இம்மூன்றனுள் அடங்கும் என்பது அருணந்தி சிவாசாரியர் துணிபு. காட்சி ஒன்றே போதும் என்னும் உலகாயதனும் எதிராளியின் உள்ளக் கருத்தைக் கொண்டன்றோ வாதிடுகின்றான்? அக்கருத்து கண்ணாற் காணப்படுவதன்று. சொல்லும் செயலும் ஏதுவாக அவன் கருதிக் கொண்டதே. ஆகலின் கருதலை விலக்குவானும் அதனையே துணைக்கொள்ளுதல் காண்க. சிவஞான போதமும் சூத்திரந்தோறும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என வகுத்தே பொருளை நிறுவிற்று. யுக்தியை இகழ்தல் சித்தாந்திக்கு அடாது.

இனி அதன் எல்லை கூறுதும். குளிரால் வருந்தும் வழிப்போக்கன் ஒருவன் சேய்மைக்கண் புகை கண்டு ஆண்டுத் தீ உண்டெனத் துணிகின்றான். அத்துணிவு மெய்யே. எனினும், அதனால் அவன் குளிர் நீங்கிற்றில்லை; அத்தீயின் நிறமும் அளவும் அவனுக்குப் புலப்பட்டில. அங்ஙனமே, உலகாகிய காரியங் கொண்டு முதல்வன் உளன் எனத் துணிதல் அவனது பொதுவியல்பாகிய தடத்தத்தை அறிதலாம். சொரூபமாகிய சிறப்பியல்பைக் காண்டல் வேறு.

அற்றேல், யுக்தியின் பயன் யாதெனின், முதல்வன் முயற்கோடு போலச் சூனியம் அல்லன் எனத் தெளிவித்தலே. ஆறாஞ் சூத்திரமும் சூனியத்தையும் அசத்தையும் ஒருங்கே விலக்கிற்று. ஆகலின் இரண்டு சூத்திரங்களும் முரணுதல் யாங்ஙனம்?

கண், தனக்குக் காட்டி நிற்கும் உயிரைத் தான் காணமாட்டாது. உயிரறிவும் தனக்குள் நின்று அறிவிக்கும் சிவத்தைத் தன் சுட்டறிவால் காணமாட்டாது. பாசஞானமும் பசுஞானமும் எட்டாத அப்பொருளைப் பதிஞானமே காட்டும் என்பது ஒன்பதாஞ் சூத்திரத்தாற் பெறப்படும்.

இதனால், அருளின் பெயரால் ஆராய்ச்சியை ஒழிப்பாரும், வாதில் வென்றமையே வீடுபேறென மகிழ்வாரும் ஒருங்கே வழுவினராதல் பெறப்படும். பரபக்கம் ஓதிப் பிறமதம் மறுத்தலிற் பழகிய நம்மனோர்க்குப் பின்னைய வழுவே அணித்து. புகை கண்டு தீயை நிறுவி, அந்நிலையிலேயே நின்று குளிரால் நடுங்குவது அறிவுடைமை ஆகாது. தீயை நோக்கி நடத்தலே அத்துணிவின் பயன் என்க.