கை மாறிய க்யூடி: உங்கள் புரோகிராம் என்ன ஆகும்?

விஎல்சி பிளேயரை இன்ஸ்டால் செய்து பாட்டுக் கேட்டிருப்பீர்கள். நண்பர் வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் அதே விஎல்சி இருக்கும். அதே மெனு, அதே பட்டன்கள். விண்டோஸும் லினக்ஸும் முற்றிலும் வேறு வேறு ஆபரேட்டிங் சிஸ்டங்கள். அப்படியிருக்க ஒரே புரோகிராம் இரண்டிலும் ஒரே முகத்தோடு வருவது எப்படி? அந்த முகத்தைச் செய்து தரும் கம்பெனியை இன்னொருவர் வாங்கிவிட்டால் உங்கள் புரோகிராம் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் இந்த இதழில் விடை காண்போம்.

இரண்டாவது கேள்வியை என்னிடம் கேட்டவர் ஆவடி மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. 2012 தொடக்கத்தில் அவர் கடைக்குக் கடன் கணக்கு எழுத ஒரு சிறிய புரோகிராம் செய்து கொடுத்தேன். கடையில் இருந்தது விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். வீட்டில் இருந்தது அவர் மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப். (இந்த இலவச லேப்டாப் திட்டம் 15 செப்டம்பர் 2011 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது.) அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. பாஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ். அந்தப் பெண் வைரசுக்குப் பயந்து பாஸ் பக்கமே இருந்தாள். பகலில் அப்பா கடையில் பதிவு செய்வதை இரவில் பென் டிரைவில் எடுத்துவந்து வீட்டில் சரிபார்ப்பாள். ஆகவே புரோகிராம் இரண்டு சிஸ்டத்திலும் ஓட வேண்டும். அதற்காக நான் தேர்ந்தெடுத்ததுதான் க்யூடி.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், க்யூடியை வைத்திருந்த நோக்கியா அதை டிஜியா என்ற கம்பெனிக்கு விற்கிறது என்று செய்தி வந்தது. கடையில் பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். "தம்பி, அந்தக் கம்பெனி கை மாறிட்டுன்னா நம்ம கடன் நோட்டு என்ன ஆவும்? வெளிய நாப்பதாயிரம் நிக்கி" என்றார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

டூல்கிட் என்றால் என்ன?

வீடு கட்டுபவர் கதவு, ஜன்னல், சுவிட்ச் போர்டு எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. ரெடிமேடாக வாங்கிப் பொருத்துகிறார். புரோகிராம் எழுதுபவரும் அப்படித்தான். பட்டன், மெனு, ஸ்குரோல் பார், பைலைத் திறக்கும் டயலாக் பாக்ஸ் ஆகியவற்றை ரெடிமேடாகத் தரும் தொகுப்புக்கு டூல்கிட் என்று பெயர்.

"இங்கே ஒரு பட்டன் வை" என்று விண்டோஸிடம் கேட்கும் முறை வேறு. லினக்ஸிடமும் மேக்கிடமும் கேட்கும் முறை வேறு. மூன்றுக்கும் தனித்தனியாக எழுதினால் வேலை மூன்று மடங்கு. க்யூடி போன்ற டூல்கிட் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நிற்கிறது. புரோகிராமர் க்யூடியிடம் ஒருமுறை சொன்னால் போதும். அந்தந்த சிஸ்டத்துக்கு ஏற்ப அது பேசிக்கொள்ளும்.

இதனால் ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. எல்லாப் பேச்சுக்கும் ஒரே மொழிபெயர்ப்பாளர். அவர் வேலையை விட்டுவிட்டால்?

உங்கள் கம்ப்யூட்டரிலேயே பாருங்கள்

1. டெஸ்க்டாப்பில் உள்ள விஎல்சி ஐகானில் ரைட் கிளிக் செய்து, 'ஓபன் பைல் லொகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. திறக்கும் போல்டரில் 'பிளகின்ஸ்' என்ற போல்டரையும், அதனுள் 'ஜியூஐ' என்ற போல்டரையும் திறக்கவும்.

3. அங்கே ஆங்கிலத்தில் 'லிப்க்யூடி' என்று தொடங்கும் டிஎல்எல் பைல் இருக்கும். விஎல்சி 2008ல் வந்த 0.9 பதிப்பிலிருந்து க்யூடியைப் பயன்படுத்துகிறது.

4. படங்களைத் திருத்தும் கிம்ப் உங்களிடம் இருந்தால் அதன் ஐகானிலும் இப்படியே செய்யவும். அங்கே 'லிப்ஜிடிகே' என்று தொடங்கும் பைல் இருக்கும். ஜிடிகே என்பது இன்னொரு டூல்கிட்.

பார்த்தால் போதும். எந்த பைலையும் அழிக்கவோ பெயர் மாற்றவோ வேண்டாம். புரோகிராம் திறக்காமல் போய்விடும்.

கை மாறிய கதை

க்யூடி நார்வே நாட்டில் பிறந்தது. ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் என்ற இருவர் 1994ல் தொடங்கிய டிரோல்டெக் கம்பெனி அதை 1995 மே மாதம் வெளியிட்டது. 1996ல் மத்தியாஸ் எட்ரிச் என்பவர் லினக்ஸுக்கு ஓர் அழகான டெஸ்க்டாப் செய்யும் திட்டத்தைத் தொடங்கினார். அதுதான் கேடிஇ. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட டூல்கிட் க்யூடி.

அப்போதே முதல் சண்டை வந்தது. கேடிஇ எல்லோருக்கும் உரிமையான இலவச சாப்ட்வேர். அதன் அடியில் இருந்த க்யூடியோ ஒரு கம்பெனியின் சொத்து. "அஸ்திவாரம் வாடகை இடத்தில் இருக்கலாமா?" என்று பலர் கேட்டார்கள். இந்தக் கவலையில்தான் 1997ல் குனோம் என்ற போட்டி டெஸ்க்டாப் ஜிடிகேயின் மேல் கட்டப்பட்டது. அண்ணாச்சி மகளின் பாஸ் லினக்ஸில் இருந்தது இந்தக் குனோம்தான். அதன் மேல் என் க்யூடி புரோகிராமும் ஓடியது!

பிறகு க்யூடியின் கதை வேகமாக நகர்ந்தது. 2000ல் ஜிபிஎல் லைசென்ஸில் வந்தது. 2008ல் டிரோல்டெக்கை நோக்கியா வாங்கியது. 2009ல் க்யூடி 4.5 எல்ஜிபிஎல் லைசென்ஸிலும் வந்தது. அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தன் புரோகிராமின் கோடை வெளியிடாமலே ஒருவர் க்யூடியைக் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்றானது. நான் பயன்படுத்தியது இந்த உரிமையைத்தான்.

2011 பிப்ரவரியில் நோக்கியா இனித் தன் ஸ்மார்ட்போன்களில் விண்டோஸ் போன் சிஸ்டம்தான் என்று அறிவித்தது. க்யூடியை நம்பி மொபைல் புரோகிராம் எழுதியவர்கள் அதிர்ந்து போனார்கள். 2012ல் பின்லாந்தின் டிஜியா அதை வாங்கியது. 2014ல் டிஜியா அதைத் 'தி க்யூடி கம்பெனி' என்று தனிக் கிளையாக்கியது. 2016ல் அது தாய்க் கம்பெனியிலிருந்து முழுவதும் பிரிந்து ஹெல்சிங்கி பங்குச் சந்தைக்கு வந்தது.

அடுத்த பெரிய கவலை 2020ல் வந்தது. நீண்ட காலம் ஆதரவு தரப்படும் பதிப்புகளின் திருத்தங்கள் இனிப் பணம் கட்டியவர்களுக்கே என்று ஜனவரியில் அறிவிப்பு வந்தது. ஏப்ரலில், எல்லாப் புதிய பதிப்புகளையுமே முதல் 12 மாதம் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் தருவது பற்றிக் கம்பெனி யோசிப்பதாகக் கேடிஇ தரப்பு சொன்னது. ஓபன் சோர்ஸைக் கைவிடவில்லை என்று கம்பெனி பதில் அறிக்கை விட்டது. ஏப்ரலில் பேசப்பட்டது நடக்கவில்லை. ஜனவரி அறிவிப்பு நடைமுறைக்கு வந்தது.

காப்பாற்றியது ஒரு ஒப்பந்தம்

இத்தனை கை மாறியும் க்யூடி ஏன் பூட்டப்படவில்லை? 1998ல் டிரோல்டெக்கும் கேடிஇயும் போட்ட ஒப்பந்தம்தான் முக்கியக் காரணம். இதற்காக 'கேடிஇ ஃப்ரீ க்யூடி பவுண்டேஷன்' என்று ஓர் அமைப்பு உருவானது. ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: க்யூடியின் இலவசப் பதிப்பு 12 மாதத்துக்கு மேல் வெளிவராமல் நின்றுபோனால், அதை யாரும் எப்படியும் பயன்படுத்தக்கூடிய பிஎஸ்டி வகை லைசென்ஸில் வெளியிட அந்த அமைப்புக்கு உரிமை உண்டு. அமைப்பில் கம்பெனிக்கு இரண்டு பேர், கேடிஇக்கு இரண்டு பேர். ஓட்டுச் சமமானால் கேடிஇ தரப்பின் முடிவே செல்லும்.

கம்பெனியை வாங்கிய ஒவ்வொருவரும் இந்த ஒப்பந்தத்தையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. வீட்டை விற்றாலும் பத்திரத்தில் எழுதிய பாதை உரிமை போகாது அல்லவா? அதைப் போல. 2020க்குப் பிறகும், க்யூடி 5.15 பதிப்பின் திருத்தங்கள் பணம் கட்டியவர்களுக்கு முதலிலும், ஓராண்டு கழித்து மற்ற எல்லோருக்கும் கிடைத்தன. அந்த இடைவெளியைச் சமாளிக்க 2021ல் கேடிஇ தன்னார்வலர்கள் தாங்களே ஒரு திருத்தத் தொகுப்பைப் பராமரிக்கத் தொடங்கினார்கள்.

ஒப்பந்தம் தராத பாதுகாப்பு

ஆனால் எந்த ஒப்பந்தமும் பழைய பதிப்பை என்றென்றும் உயிரோடு வைக்காது. க்யூடி 4க்கான ஆதரவு 2015 டிசம்பரில் முடிந்தது. க்யூடி 6 விண்டோஸ் 7ல் ஓடாது. குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் ஸ்டுடியோ 2022ல் 28ஆம் பதிப்பில் க்யூடி 6க்கு மாறியது. அந்தப் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஆதரவு இல்லை. பழைய கம்ப்யூட்டரில் புதிய புரோகிராம் ஏறாமல் போனால், காரணம் பல சமயம் இப்படி அடியில்தான் இருக்கும்.

ஜிடிகே எந்தக் கம்பெனியின் சொத்தும் இல்லை. அங்கேயும் சிக்கல் உண்டு. கிம்புக்காக எழுதப்பட்டதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. ஜிடிகே 3 வந்தது 2011ல். கிம்ப் அதற்கு மாறி 3.0 பதிப்பாக வெளிவந்தது 2025 மார்ச்சில். இடையில் 14 ஆண்டுகள்! புள்ளிகள் நெருக்கமான புதிய லேப்டாப் திரைகளில் கிம்பின் பழைய பதிப்புகளில் ஐகான்கள் எறும்பு போலத் தெரிந்தன. பழைய ஜிடிகே 2 வந்த காலத்தில் அத்தகைய திரைகள் இல்லை.

நம் தமிழுக்கும் இதில் ஒரு கதை உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் பலர் திஸ்கி எழுத்து முறையில் டைப் செய்தார்கள். உரிய எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். திஸ்கியை யூனிகோடாக மாற்றும் வசதி க்யூடிக்குள்ளேயே இருந்தது. ஹான்ஸ் பெட்டர் பீக்கர் என்பவர் எழுதிக் கொடுத்தது. அண்ணாச்சியிடம் பிரவுசிங் சென்டரில் பல ஆண்டுகளுக்கு முன் திஸ்கியில் டைப் செய்த வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று இருந்தது. என் புரோகிராம் அதை அப்படியே படித்தது. க்யூடி 6ல் பழைய எழுத்து முறைகளுக்கான அந்தப் பகுதியை மைய வீட்டிலிருந்து எடுத்து, 'க்யூடி 5 கம்பாட்' என்ற தனித் தொகுப்பில் வைத்துவிட்டார்கள். பழையதை நம்பி இருப்பவர்கள் வீடு மாறும்வரை தங்குவதற்கான இடம் அது.

நீங்கள் செய்ய வேண்டியது

* ஒரு புரோகிராமில் கணக்கோ முகவரியோ சேர்க்கத் தொடங்கும் முன், அதில் 'எக்ஸ்போர்ட்' அல்லது 'சேவ் ஆஸ்' மூலம் சிஎஸ்வி போன்ற பொது வடிவத்தில் எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் யோசித்து இறங்குங்கள்.

* மாதம் ஒருமுறை அப்படி எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள்.

* எடுத்த பைலை வேறொரு புரோகிராமில் திறந்து பாருங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கும்போது 'கேரக்டர் செட்' என்று கேட்கும். தமிழ் பைல் யூனிகோடில் இருந்தால் 'யூடிஎஃப்-8' தேர்ந்தெடுக்கவும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம்.

* வீட்டில் திஸ்கி போன்ற பழைய முறையில் டைப் செய்த கடிதம், கதை, ஜாதகம் ஏதாவது இருந்தால், மாற்றித் தரும் புரோகிராம்கள் ஓடும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

* ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை, கம்பெனி கை மாறியது என்ற செய்தியைக் கேட்டு அவசரமாக நீக்காதீர்கள். அது மறுநாளே நிற்காது. மெல்ல மெல்லத்தான் பழசாகும். உங்களுக்கு அவகாசம் உண்டு, அதை வீணாக்காதீர்கள்.

அண்ணாச்சிக்கு என்ன சொன்னேன்?

அன்று பதில் தெரியாமல் வீட்டுக்கு வந்த நான், அந்த வாரமே புரோகிராமில் ஒரு பட்டன் சேர்த்தேன். அதை அழுத்தினால் மொத்தக் கடன் கணக்கும் சிஎஸ்வி பைலாக வந்துவிடும். திஸ்கி பட்டியலையும் யூனிகோடுக்கு மாற்றி அதனுடன் வைத்தேன். 2016ல் புரோகிராமைக் க்யூடி 5க்கு மாற்றினேன். பெரும்பாலான வரிகளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. கடையின் பழைய கம்ப்யூட்டர் போய் இப்போது விண்டோஸ் 11 வந்திருக்கிறது. அதே புரோகிராம் அதிலும் ஓடுகிறது.

சென்ற மாதம் கடைக்குப் போனபோது அவர் மகள் கல்லாவில் இருந்தாள். திரையில் கணக்கு இருந்தது, ஆனால் என் புரோகிராம் இல்லை. சிஎஸ்வி பைலைக் கால்க்கில் திறந்து, யார் மூன்று மாதமாகக் கொடுக்கவில்லை என்று தானே வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். "இதுல பாக்குறது சுலபமா இருக்கு அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள்.

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அண்ணாச்சி 2012ல் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.