விழுங்குதலும் புரையேறுதலும்

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் விளங்குகின்றனர். ஆதலின், சிறு குழந்தைகளின் தொண்டையுட் பிறபொருள் புகுந்தவிடத்துச் செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தமிழ் வழக்கு புரையேறுதல், விழுங்குதல் என இரு சொற்களை உடையது. முன்னது மூச்சுக்குழலையும் பின்னது உணவுக்குழலையும் பற்றியது. இவ்வேறுபாட்டை உணர்தலே முதற்பாடம்.

புரையேறிய குழந்தை உரக்க இருமுமாயின் இருமவிடுக. இருமலும் குரலும் அடங்கி முகம் நீலம் பாரிக்குமாயின், 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் காவு வண்டியை அழைப்பித்து, குழந்தையை முன்சாய்த்துத் தோள்களுக்கிடையே ஐந்து முறை அடித்தல் வேண்டும். பயனின்றேல், ஓராண்டு நிறையாத குழந்தைக்கு நெஞ்சின் நடுவிலும், மூத்த குழந்தைக்குப் பின்னின்று தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளும் மேலுமாகவும் ஐந்து முறை அழுத்துக. பொருள் வெளிவரும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்க. குழந்தை உணர்விழப்பின் தரையிற் கிடத்தி உயிர்ப்பூட்டும் முதலுதவியைத் தொடங்குக. கண்ணுக்குப் புலனாகாத பொருளை விரலால் துழாவுதல் ஆகாது. இருமல் தணிந்த பின்னும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். கச்சான் துண்டு எக்ஸ் கதிர்ப் படத்திற் றோன்றாமலே சுவாசக் கிளையிற் றங்கிவிடக் கூடும்.

இனி, விழுங்கியதை நோக்குவோம். இரைப்பையை அடைந்த நாணயம் பெரும்பாலும் சில நாட்களில் மலத்துடன் வெளியேறும். எச்சில் வடிதலும் சத்தியும் விழுங்க இயலாமையும் அது வழியிற் றடைபட்டமைக்கு அறிகுறிகளாம். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்கள் குடற்சுவர்களை இடையே நெரித்துத் துளைக்கும். பொத்தான் வடிவப் பற்றறியோ, உணவுக்குழலிற் சிக்கின், ஈரத்தோடு கூடி எரிகாரத்தைத் தோற்றுவித்து இரண்டு மணி நேரத்துள்ளேயே பெரும்புண் விளைவிக்கும். படத்தில் அது நாணயம் போலவே தோன்றுதலும் உண்டு.

வில்கமுவ, மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில் மகாவலியை அண்டிய பிரதேசம். அங்கிருந்து மாத்தளைக்கோ கண்டிக்கோ செல்லும் பயணமே அவ்விரண்டு மணியிற் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே, வாழைப்பழமும் சோற்றுருண்டையும் ஊட்டிப் பார்ப்பதற்கு அங்கே பொழுதில்லை. அவை தீங்கும் பயக்கும். சத்தி எடுப்பித்தலும் அத்தகையதே. பற்றறி விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கடவாத, ஓராண்டு நிறைந்த, விழுங்க இயலும் குழந்தைக்கு மாத்திரம், பத்து நிமிடத்திற்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் வழியிலேயே கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டா. தேனைத் தேடிப் பயணத்தைத் தாழ்த்தற்க.

விழுங்கிய பொருளுக்கு இணையான ஒன்று வீட்டில் இருப்பின் அதனையும் உடன் கொண்டு செல்க. வைத்தியருக்கு அது பெருந்துணையாகும்.