மூத்த மகளிர்க்கு எலும்பு காக்கும் உடற்பயிற்சி

குமரி மாவட்டத்துச் சிதறால் மலை, பண்டு திருச்சாணத்து மலை எனப் பெயர் பெற்றிருந்தது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்தியார் இம்மலைப் பட்டாரியார்க்குப் பொன்னணி வழங்கிய செய்தியை இங்குள்ள கல்வெட்டு அறிவிக்கிறது. குரத்தி என்பது சமணப் பெண்ணாசிரியரைக் குறிக்கும் சொல்லாகும்.

சென்ற ஆண்டு இம்மலைச் சிற்பங்களைத் தரிசிக்கச் சென்றோம். உடன் வந்த மூத்த சகோதரி ஒருவர், "எலும்பு மெலிந்துவிட்டதாம்; இனி அசையாதிருப்பதே நலம்" என்று அடிவாரத்திலேயே அமர்ந்துவிட்டார். இவ்வெண்ணம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. ஆனால் அது தவறானது.

எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பு கரைவதும் புதியது உருவாவதும் இடையறாது நிகழ்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், உருவாதலினும் கரைதல் மிகுகிறது. இதனால் வரும் நோயே எலும்புப்புரை. இது மூட்டுத் தேய்மானம் அன்று. வலியின்றியே வளர்ந்து, ஒரு சிறு வீழ்ச்சியில் மணிக்கட்டையோ இடுப்பையோ முறித்துவிடும். முதுகெலும்போ விழாமலேயே நொறுங்கலாம். எலும்பு உறுதி பெற, அது சுமை தாங்க வேண்டும். எடையின்றி மிதக்கும் விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு, மாதத்திற்கு ஏறத்தாழ 1 விழுக்காடு அடர்த்தியை இழக்கிறது. அசையாதிருப்பவர்க்கும் இழப்பே.

மருத்துவரின் இசைவு பெற்றுச் செய்யத்தக்கவை:

1. நடை: நாள்தோறும் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள்.

2. எழுதலும் அமர்தலும்: சுவரை ஒட்டிய நாற்காலியில் கையூன்றாது மெல்ல எழுந்து அமர்க, 8 முதல் 10 முறை.

3. சுவர்த் தள்ளல்: உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, முழங்கை மடக்கி நெருங்கி, மீண்டும் தள்ளி நிமிர்க; 8 முறை.

4. முதுகு நிமிர்த்தல்: நேராக அமர்ந்து, தோள்பட்டைகளைப் பின்னோக்கி இழுத்து ஐந்து எண்ணும் வரை நிறுத்துக.

5. சமநிலை: சன்னல் கம்பியைப் பற்றிக் குதிகால்களை உயர்த்தி இறக்குக. பின்னர் ஒற்றைக் காலில் 10 வினாடி நிற்க.

இரண்டு முதல் நான்கு வரையுள்ளவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தல் போதும். சமநிலைப் பயிற்சியை நாள்தோறும் செய்யலாம். விழாதிருத்தலே எலும்பு முறிவைத் தவிர்க்கும் முதல் வழி.

தவிர்க்க வேண்டியவை: முதுகை வளைத்துக் கால்விரலைத் தொடுதல், இடுப்பைச் சட்டெனத் திருப்புதல், குனிந்தபடி தண்ணீர்க் குடத்தைத் தூக்குதல். இவை முதுகெலும்பின் முன்பகுதியை நசுக்கும். ஆகவே நோய் முற்றியவர்கள், முன்குனிந்து வணங்குவதற்கு மாறாக நின்றே கைகூப்பலாம். சிதறால் பாறையில் பார்சுவநாதர் நிமிர்ந்தே நிற்கிறார். காயோத்சர்க்க நிலையை நமக்கு நினைவூட்டும் அத்திருக்கோலத்தை மனத்தில் கொண்டு, நாமும் நிமிர்ந்து நிற்போம். வணக்கத்தின் தூய்மை உள்ளத்தில் உள்ளது.

அச்சகோதரி மருத்துவரிடம் காட்டிப் பயிற்சியைத் தொடங்கினார். இவ்வாண்டு கைத்தடியுடன் கற்பாதையில் பாதித் தொலைவு நம்மோடு ஏறி, நிழலில் அமர்ந்து, "மீதியை அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றார்.

பயிற்சி வினாக்கள்:
1. எலும்புப்புரைக்கும் மூட்டுத் தேய்மானத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. குனிந்து சுமை தூக்கலாகாது, ஏன்?
3. நும் இல்லத்து மூத்தவர் இன்று எத்தனை நிமிடம் நடந்தார்?