மெல்லும் பாரத்தைச் சுமக்கும் உலோகம்



நாமகிரிப்பேட்டைப் பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. களியும் கஞ்சியுமே ஆகாரம். தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேராகிய இம்ப்ளான்டைக் குறித்து அவருக்கு விளக்கினோம். "ஏனுங்க டாக்டர், உலோகம்தானுங்களே? வெச்சதும் கரும்பு கடிக்கலாமுங்களா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

இயற்கைப் பல் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள நார்ப்படலம் உண்டு. வில்வண்டிக்கு வில் எப்படியோ, பல்லுக்கு அது அப்படியே. சோற்றில் கல் அகப்பட்டால் உடனே உணர்த்துவதும் அதுவே. இம்ப்ளான்டுக்கு இந்தப் படலம் இல்லை. மெல்லும் பாரம் நேரே எலும்பில் இறங்குகிறது.

ஆகவே எந்தப் பொருளால் வேரைச் செய்கிறோம் என்பது முக்கியம். 1952-ல் சுவீடன் நாட்டில் பேராசிரியர் பிரோனமார்க், முயலின் எலும்பில் வைத்த டைட்டானியம் எலும்போடு பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பதைக் கண்டார். 1965-ல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையில் அதைப் பதித்தார். இதன் தாதுவாகிய இல்மனைட் நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உண்டு.

டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் ஏறக்குறையப் பாதி. ஆனாலும் தாடையின் கெட்டியான மேல் எலும்பைவிட அது ஐந்தாறு மடங்கு விறைப்பானது. எலும்பு சற்று வளையும்போது உலோகம் அந்த அளவுக்கு வளையாது. அதனால் பாரம் வேர் முழுவதும் சமமாகப் பரவாமல், எலும்பு தொடங்கும் கழுத்துப் பகுதியில் திரளுகிறது. சிர்கோனியா பல்லைப்போல வெண்மையானது. விறைப்பிலோ டைட்டானியத்தைப்போல் இருமடங்கு. உடைந்தால் வளையாமல் திடீரென உடையும்.

நேராக அழுத்தும் பாரத்தை இம்ப்ளான்ட் நன்றாய்த் தாங்கும். பக்கவாட்டு இழுப்பே ஆபத்து. நட்ட கம்பத்தை அசைத்து அசைத்துப் பிடுங்குகிறோம் அல்லவா, அதைப்போல. கரும்பைப் பல்லால் உரிப்பது இவ்வகை இழுப்பே. இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்குத் திருகு தளரலாம். நாளடைவில் உலோகமும் முறியலாம்.

பதித்த புதிதில் 0.15 மில்லிமீட்டருக்கு மேல் வேர் அசைந்தால் எலும்பு சேராது; நார்த்திசுவே வளரும். எனவே வழக்கமாக 3 முதல் 6 மாதம் காத்திருக்கிறோம். பாரமே இல்லாவிட்டாலும் கேடுதான். பல் போன இடத்தில் எலும்பு வேலையின்றிக் கரைந்துபோகிறது. அளவான பாரமே அதைக் காக்கும்.

"இப்போதைக்கு வேகவைத்த குச்சிக்கிழங்கு போதும். பொங்கலுக்குக் கரும்பைக் கத்தியால் சீவி, சிறு துண்டாக்கி மெல்லுங்கள்" என்றோம். சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

அன்பானவர்களே, திருகைப் பதிப்பது ஒரு நாள் வேலை. அதைக் காப்பதோ பல மாத வேலை. எக்ஸ்ரே, கடிப்பு சரிபார்த்தல், பஸ் செலவுக்குக் கையில் இல்லாதவரை மறுபடியும் வரவழைத்தல் ஆகிய எல்லாவற்றிலும் உங்கள் காணிக்கைக்குப் பங்குண்டு. ஒரு மனிதர் மறுபடியும் மென்று சாப்பிடுவது அதன் பலன்.