விளக்கு எரியும் வீட்டில் பூனையும் உண்டா?



ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் பழவேற்காட்டுக் கரையில் மழையும் உண்டு, காற்றும் உண்டு. கரண்ட் போவதும் உண்டு. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் திருவள்ளூர் மாவட்டத்தில் மின்சாரம் நின்றது. இப்படிப்பட்ட இரவுகளில் வீட்டுக்கு வீடு மெழுகுவர்த்தியும் சிம்னி விளக்கும் வெளியே வரும். மீன் இருக்கும் வீட்டில் பூனையும் இருக்கும். கூனங்குப்பம் ஆனாலும் அரங்கங்குப்பம் ஆனாலும் இது நம் எல்லோர் வீட்டுச் சங்கதிதான். கீழே உள்ள உரையாடலைப் படியுங்கள்.

மனைவி: நேத்து ராத்திரி இவரு தொழிலுக்குப் போயிட்டாரு, நர்சம்மா. கரண்ட் இல்லை. மெழுகுவத்தியை ஒரு மூடி மேல நிக்க வெச்சுட்டுப் பின்பக்கம் போனேன். கருவாட்டுக் கூடைக்குப் பூனை தாவிச்சு. வத்தி சாஞ்சு தூளி பக்கத்துல விழுந்துச்சு. நல்லவேளை, உடனே பார்த்துட்டேன்.

கணவர்: பூனையைத் துரத்திட்டா சரியாப் போச்சு.

மனைவி: துரத்திட்டா வலையை எலி கடிக்குமே! அப்புறம் யாரு உக்காந்து பொத்தறது?

செவிலியர்: பூனை மேல தப்பு இல்லைங்க. அதுக்கு மீன் வாசனை தெரியும், நெருப்போட ஆபத்து தெரியாது. ஆடுற சுடரைக் காலால தட்டிப் பார்க்கும். வாலை ஆட்டிக்கிட்டே உரசிக்கிட்டுப் போகும். பூனைக்குப் பாடம் சொல்ல முடியாது. விளக்கு வைக்கிற விதத்தை நாமதான் மாத்தணும்.

ஏன் இந்த எச்சரிக்கை?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், சமையல் அடுப்பின் தீ கீற்றுக் கூரையில் பற்றியது. 94 குழந்தைகள் மாண்டார்கள். காய்ந்த கீற்றில் தீ அவ்வளவு வேகமாகப் பரவும்.

தளம் போட்ட வீடு என்றாலும் கவலை தீராது. குழந்தை தூங்கும் தூளி ஒரு சேலை. கொசுவலையும் மெல்லிய துணி. இரண்டும் சட்டென்று பற்றும். நைலான் வலை தீயில் உருகிச் சொட்டும். தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். எஞ்சினுக்கு வாங்கிய எண்ணெய் கேனும் அதே அறையில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

1. முடிந்தவரை டார்ச் அல்லது சார்ஜ் விளக்கையே பயன்படுத்துங்கள். மழைக்காலத்தில் மாலையிலேயே சார்ஜ் ஏற்றி வையுங்கள்.

2. மெழுகுவர்த்திதான் உண்டு என்றால், ஆழமான மண்சட்டியில் பாதி மணல் போட்டு, குட்டையான வத்தியாக ஊன்றுங்கள். சுடர் சட்டியின் விளிம்புக்குக் கீழே இருக்கட்டும். வெளிச்சம் கொஞ்சம் குறையும். ஆபத்து அதைவிட அதிகமாகக் குறையும்.

3. பூனை தாவும் அலமாரியிலும் ஜன்னல் திண்டிலும் விளக்கு வேண்டாம். குழந்தையின் கைக்கு எட்டும் இடமும் வேண்டாம்.

4. தூளி, கொசுவலை, மீன்வலை, கீற்று இவற்றின் அருகில் சுடர் வேண்டாம். எண்ணெய் கேனை வீட்டுக்கு வெளியே, பூட்டிய இடத்தில் வையுங்கள்.

5. மீனையும் கருவாட்டையும் மூடி வையுங்கள். வாசனை இல்லாத இடத்தில் பூனைக்கு வேலை இல்லை.

6. அறையை விட்டுப் போகும்போதும் தூங்கும் முன்பும் சுடரை அணையுங்கள். "ஒரு நிமிஷம்தானே" என்று விட்டுப் போகாதீர்கள்.

தீப்பட்டுவிட்டால்?

துணியில் பற்றினால் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். ஈரச் சாக்கால் மூடி அணைக்கலாம். எண்ணெயில் பற்றிய தீக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது பரவும், மணலை வீசுங்கள்.

சுட்ட இடத்தில் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்கு முன் வளையல், கொலுசைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். இங்க், பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி 108க்குப் போன் செய்யுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு எண் 101.

மிரண்ட பூனை கடித்தாலோ பிராண்டினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் வாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்

கணவர் தொழிலுக்குப் போன பின் வீட்டில் இருப்பது மனைவியும் பிள்ளைகளும்தான். ஆகவே புறப்படும் முன்பே மணல் சட்டி, டார்ச், குடம் நிறையத் தண்ணீர் மூன்றும் தயாரா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். "அது பொம்பளை வேலை" என்று கணவர் ஒதுங்கக் கூடாது. வலையைச் சரிபார்க்காமல் படகு ஏறுவீர்களா? வீட்டையும் அப்படியே பாருங்கள்.

சுடர் சட்டிக்குள்ளே இருக்கட்டும்!
பிள்ளை கண்ணுக்குள்ளே இருக்கட்டும்!